ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பெமாஃபைப்ரேட் கல்லீரலையும் காக்கிறதா?

118 நோயாளிகள். எல்லோருக்கும் கல்லீரலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு. கல்லீரல் கொஞ்சம் இறுகத் தொடங்கியிருந்தது, ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதியும் ரத்தத்தில் கூடியிருந்தது. ஜப்பானில் நடந்த இந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பெமாஃபைப்ரேட் மாத்திரை, தடவைக்கு 0.2 மில்லிகிராம் வீதம் தினமும் இரண்டு வேளை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மொத்தம் 72 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளிவந்தது.

24-வது வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கல்லீரல் கொழுப்பை அளந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தொடக்கத்தில் இருந்ததைவிட 5.3 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.2 சதவீதம். இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ஆய்வு முன்கூட்டியே அறிவித்திருந்த முதன்மை இலக்கு இதுதான், அது கைகூடவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் அதே நோயாளிகளின் கல்லீரல் விறைப்பை அளந்தபோது வேறு மாதிரி வந்தது. வெறும் மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால், மருந்துக் குழுவின் விறைப்பு 48-வது வாரம் 5.7 சதவீதம் குறைவு, 72-வது வாரம் 6.2 சதவீதம் குறைவு. ஏ.எல்.டி.யும் தெளிவாக இறங்கியிருந்தது. கொழுப்பு ஏறக்குறைய அப்படியே கிடக்க, கல்லீரல் மட்டும் தேறியது போலத் தெரிகிறது. இது எப்படி நடக்கும், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மருந்தின் பூர்வீகம்

ஃபைப்ரேட் குடும்பம் பழையது. அதன் மூத்த மருந்தான குளோஃபைப்ரேட் 1960-களில் புழக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 1978-ல் அதன் பேரைக் கெடுத்தது. உயிர் போகாத மாரடைப்புகள் குறைந்தன, ஆனால் மொத்தச் சாவுகள் கூடின. பிறகு ஜெம்ஃபைப்ரோசில், ஃபீனோஃபைப்ரேட் என்று அடுத்த தலைமுறை வந்தது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறி இருப்பவர்களுக்கு ஃபீனோஃபைப்ரேட்டை இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்துகள் உடம்புக்குள் எதைப் பிடிக்கின்றன என்பது 1990-ல்தான் புரிந்தது. கல்லீரல் செல்லின் கருவுக்குள் பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா என்று ஒரு ஏற்பி இருக்கிறது. கொழுப்பை எரிக்கும் மரபணுக்களுக்கு அதுதான் மேஸ்திரி. கொழுப்பு அமிலத்தை, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுமதிக்கும் புரதம், உள்ளே வந்ததை உடைக்கும் நொதிகள், பட்டினியின்போது கல்லீரல் சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 21 என்ற ஹார்மோன் எல்லாம் அதன் சொல்படி கூடும், குறையும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கரைவதைத் தடுக்கும் அபோ சி-3 புரதத்தையும் அது அடக்கிவைக்கும். ஃபைப்ரேட் சாப்பிட்டால் ட்ரைகிளிசரைடு இறங்குவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

பழைய ஃபைப்ரேட்டுகள் இந்த ஏற்பியை அரைகுறையாகத்தான் பிடிக்கும். அதனால் ஃபீனோஃபைப்ரேட்டை நூறு, இருநூறு மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு ஏ.எல்.டி.யும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறுகின்றன. ஜப்பானின் கோவா நிறுவனம் உருவாக்கிய பெமாஃபைப்ரேட் அதே ஏற்பியை இறுக்கமாகவும் தேர்ந்தெடுத்தும் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் போதும். பெரும்பாலும் பித்தம் வழியாக வெளியேறுகிறது. ஜப்பான் இதற்கு 2017-ல் அனுமதி கொடுத்தது, ரத்தக் கொழுப்புக்காக. கல்லீரலுக்காக அல்ல.

இயங்கும் இடமே கல்லீரல் என்பதால், கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் இதைக் கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வந்தது இயல்புதான். உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். எரிக்கும் மரபணுக்களை முடுக்கினால் கொழுப்பு எரியும், கல்லீரல் காலியாகும் என்பது எதிர்பார்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் காலியாகவில்லை?

கொழுப்பு எங்கிருந்து வருகிறது

2005-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இங்கே பெரிய வெளிச்சம் தருகிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் செலுத்தி, கல்லீரலில் சேர்ந்த ட்ரைகிளிசரைடு எந்த வழியாக வந்தது என்று கணக்கெடுத்தார்கள். சுமார் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்த கொழுப்பு அமிலம். 26 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே தயாரித்துக்கொண்டது. 15 சதவீதம்தான் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது.

ஆக, கல்லீரலை ஒரு குளமாக வைத்துக்கொண்டால், பெரிய வாய்க்கால் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் அந்த வாய்க்கால் ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கும். பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா மருந்து குளத்துக் கரையில் ஒரு மதகைக் கூடுதலாகத் திறக்கிறது, அவ்வளவுதான். வரத்து குறையாதபோது நீர்மட்டம் இறங்காததில் வியப்பில்லை.

பெமாஃபைப்ரேட்டுக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. பருமனும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஃபீனோஃபைப்ரேட் 200 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு இறங்கியது. கல்லீரலில் இருந்தது அசையவில்லை. ரத்த ரிப்போர்ட்டில் எண் குறைந்துவிட்டதால் கல்லீரலிலும் குறைந்திருக்கும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழுப்பு குறையாமல் கல்லீரல் தேறுமா?

தேறலாம். அதற்குக் காரணம், கல்லீரலைக் கெடுப்பது தேங்கிக் கிடக்கும் ட்ரைகிளிசரைடு மட்டுமே இல்லை. ட்ரைகிளிசரைடு என்பது கொழுப்பு அமிலத்தை ஆபத்தில்லாமல் கட்டிவைத்த வடிவம். கட்டப்படாமல் திரியும் கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து பிறக்கும் இடைப் பொருள்களும்தான் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைத்து, செல்லை ஊதவைத்து, அழற்சியைக் கூப்பிடுகின்றன. எலிகளில் நடந்த ஒரு சோதனை இதைக் கிட்டத்தட்ட கொடூரமாகவே காட்டியது. கொழுப்பு அமிலத்தை ட்ரைகிளிசரைடாகக் கட்டும் கடைசி நொதியை 2007-ல் முடக்கிப் பார்த்தார்கள். கல்லீரலில் கொழுப்பு குறைந்தது. ஆனால் செல் சேதமும் நார்த்தழும்பும் கூடின. கட்டிவைக்க வழியில்லாமல் போனதும் நஞ்சு வெளியே திரிந்தது.

பெமாஃபைப்ரேட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2020-ம் ஆண்டு ஜப்பானிய ஆய்வு இதற்கு மறுபக்கம். கொழுப்புக் கல்லீரல் அழற்சியாக மாறும்படி வளர்க்கப்பட்ட எலிகளில், ட்ரைகிளிசரைடு அளவைக் குறைக்காமலேயே மருந்து அந்த அழற்சி நிலை உண்டாவதைத் தடுத்தது. உள்ளே பார்த்தால், ட்ரைகிளிசரைடு உடைவதும் மறுபடி கட்டப்படுவதும் இரண்டுமே வேகமெடுத்திருந்தன. இருப்பு அப்படியே இருந்தாலும் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரத்தக் குழாய்ச் சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் வி.கேம்-1 என்ற புரதமும் குறைந்திருந்தது. அது குறைந்தால் கல்லீரலுக்குள் நுழையும் அழற்சி செல்களும் குறையும்.

ஜப்பானிய நோயாளிகளிடம் கண்டதும் எலிகளிடம் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தி வருவது மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பியைப் பொறுத்தவரை எலி நல்ல சாட்சி இல்லை. எலி, சுண்டெலிகளின் கல்லீரலில் பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா மனிதர்களைவிட மிக அதிகம். ஃபைப்ரேட் கொடுத்தால் அவற்றின் கல்லீரல் வீங்கும், நாள்பட்டால் கட்டிகூட வரும். மனிதர்களுக்கு அப்படி நேர்வதில்லை. தீமையில் எலி மிகைப்படுத்துகிறது என்றால், நன்மையிலும் மிகைப்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

விறைப்பு என்ற அந்த எண்

இந்த விவகாரம் முழுக்க ஒரே அளவீட்டின் மேல் நிற்பதால் அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி என்பது பெயர். நோயாளி ஸ்கேன் மேசையில் மல்லாந்து படுப்பார். வலது பக்க விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டத் தகட்டைப் பட்டையால் கட்டுவார்கள். பக்கத்து அறையில் உள்ள கருவியிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்றழுத்தம் வந்து அந்தத் தகட்டை நொடிக்கு 60 முறை அதிரவைக்கும். மூச்சை விட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்தச் சில நொடிகளில் அதிர்வு அலை கல்லீரலுக்குள் ஓடுவதை எம்.ஆர்.ஐ. படம் பிடித்துவிடும். மிருதுவான திசுவில் அலை மெதுவாக, நெருக்கமாக ஓடும். இறுகிய திசுவில் வேகமாக, நீளமாக ஓடும். அதிலிருந்து கிலோ பாஸ்கல் கணக்கில் ஓர் எண் வரும். நலமான கல்லீரலுக்கு அது 2.5-க்குக் கீழே. ஜப்பான் ஆய்வில் சேர 2.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி.

ஊசி குத்தாமல், கல்லீரல் முழுவதையும் பார்க்கிற அருமையான முறை. ஆனாலும் ஒரே நபரை இரண்டு முறை அளந்தால் எண் அச்சு அசலாக வராது. ஒரு தனி நோயாளியிடம் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்ல 19 சதவீதமாவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று இந்தத் துறையினர் வரையறுத்திருக்கிறார்கள். பெமாஃபைப்ரேட் தந்த சராசரி வித்தியாசம் 6 சதவீதம் சொச்சம். ஒரு குழுவின் சராசரியாக இது பொருள் உள்ள எண்தான், தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ஒருவர் தன் ஸ்கேனில் 6 சதவீதம் குறைந்ததைப் பார்த்துக் கல்லீரல் தேறிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

இன்னொன்று. விறைப்பு என்றால் நார்த்தழும்பு மட்டும் அல்ல. அழற்சி இருந்தாலும் திசு இறுகும், ரத்தத் தேக்கம் இருந்தாலும் இறுகும். ஏ.எல்.டி.யும் கூடவே இறங்கியதைப் பார்க்கும்போது, தணிந்தது அழற்சியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. தழும்பு கரைந்தது என்று சொல்ல, கல்லீரலிலிருந்து துளி திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டும். அந்த ஆய்வின் அளவுகோல் பயாப்சி இல்லை.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. கொழுப்புக் கல்லீரல் நோயாளிகள் 619 பேரை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பயாப்சியில் தெரிந்த அம்சங்களில் நீண்டகால விளைவோடு தனித்து நின்று தொடர்பு காட்டியது நார்த்தழும்பு மட்டும்தான். கொழுப்பின் அளவோ, அழற்சியோ அப்படி நிற்கவில்லை. கல்லீரலைக் காக்கும் மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், தழும்பைத் தடுக்கிறதா, கரைக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

பத்தாயிரம் பேரிடம் என்ன நடந்தது

ப்ராமினென்ட் என்ற ஆய்வு இதய நோய்க்காக நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு, ட்ரைகிளிசரைடு 200 முதல் 499 வரை, நல்ல கொலஸ்ட்ரால் 40 அல்லது அதற்குக் கீழே என்று உள்ள 10,497 பேர். பெரும்பாலோர் ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள். ட்ரைகிளிசரைடை இறக்கினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்பது கேள்வி. ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு முதலியவை துளியும் குறையவில்லை: மருந்துக் குழுவில் 572 பேர், வெறும் மாத்திரைக் குழுவில் 560 பேர். பயன் தெரிய வாய்ப்பில்லை என்று 2022-ல் ஆய்வை நிறுத்தினார்கள். கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ பி, குறைவதற்குப் பதில் சுமார் 5 சதவீதம் ஏறியிருந்தது. இதயத்துக்குப் பயன் கிடைக்காததற்கு முக்கியக் காரணமாக இதைத்தான் பலரும் காட்டுகிறார்கள்.

அதே ஆய்வின் பக்க விளைவுப் பட்டியலில்தான் கல்லீரல் பற்றிய செய்தி ஒளிந்திருந்தது. கொழுப்புக் கல்லீரல் நோய் என்று பதிவானவர்கள் மருந்துக் குழுவில் 22 சதவீதம் குறைவு. இவ்வளவு பெரிய கூட்டத்தில், சில ஆண்டுகள் ஓடிய ஆய்வில் கிடைத்த எண் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்து எண்ணிய கணக்கும் அல்ல இது. ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்து பதிவானவை மட்டும். மருந்தால் ஏ.எல்.டி. குறைந்திருந்தால், சந்தேகப்பட்டு ஸ்கேனுக்கு அனுப்புவதும் குறைந்திருக்கும், அதனால் பதிவும் குறைந்திருக்கும். அந்த 22 சதவீதத்தில் எவ்வளவு நிஜப் பாதுகாப்பு, எவ்வளவு கண்ணில் படாமல் போனது என்று அந்த ஆய்வை வைத்தே பிரிக்க முடியாது.

பட்டியலின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிரையில் ரத்தம் உறைவது மருந்துக் குழுவில் 71 பேருக்கு, மற்றதில் 35 பேருக்கு. சிறுநீரகக் கோளாறுகளும் சற்றுக் கூடின. பித்தம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகத்துக்குப் பிரச்சினை வராது என்றிருந்த நம்பிக்கை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

வாய்க்காலை அடைத்தவர்கள்

கொழுப்புத் திசுவிலிருந்து வரும் வரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சரோகிளிட்டசார் என்ற மருந்து ஆல்ஃபா ஏற்பியோடு சேர்த்து, கொழுப்புத் திசுவில் இயங்கும், அதே பி.பி.ஏ.ஆர். குடும்பத்துக் காமா ஏற்பியையும் தொடுகிறது. இதுவும் ட்ரைகிளிசரைடுக்காக வந்த மருந்துதான். 106 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வில், 4 மில்லிகிராம் எடுத்தவர்களின் கல்லீரல் கொழுப்பு 19.7 சதவீதம் இறங்கியது. வெறும் மாத்திரைக் குழுவில் 4.1 சதவீதம் ஏறியது. ஏ.எல்.டி. 45.8 சதவீதம் குறைந்தது. காமா ஏற்பியை மட்டும் பிடிக்கும் பையோகிளிட்டசோனும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதற்கு விலையாக எடை கூடும். ஆல்ஃபா மட்டும் போதவில்லை, கொழுப்புத் திசுவும் ஒத்துழைக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த எண்கள்தான் ஆதாரம்.

கொலஸ்ட்ராலையும் குறைத்து, தழும்பையும் பயாப்சியில் குறைத்துக் காட்டிய மருந்து ரெஸ்மெடிரோம். அது போகும் வழியே வேறு, கல்லீரலின் தைராய்டு ஏற்பி. 966 பேரிடம் 52 வாரம் நடந்த ஆய்வில், தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் 100 மில்லிகிராம் குழுவில் 25.9 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 14.2 சதவீதம். 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பெமாஃபைப்ரேட் தாண்ட வேண்டிய உயரம் எது என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மருந்தில்லாமலே எட்டக்கூடிய, இதைவிடப் பெரிய உயரம் ஒன்றும் இருக்கிறது. 293 பேரிடம் வாழ்க்கை முறை மாற்றத்தை ஓராண்டு சோதித்த ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பு பின்வாங்கியது. அந்த அளவுக்கு எடை குறைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதுதான் சிக்கல்.

அப்புறம், யாருக்கு இது?

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டிப்போய், கணைய அழற்சி வந்துவிடுமோ என்று ஃபைப்ரேட் கொடுக்க வேண்டிய நிலையில் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொழுப்புக் கல்லீரலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெமாஃபைப்ரேட் கிடைக்கும் இடத்தில், ஃபீனோஃபைப்ரேட்டுக்குப் பதில் அதைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஏ.எல்.டி.யை ஏற்றாது, விறைப்பு விஷயத்தில் ஓரளவு நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ட்ரைகிளிசரைடு சுமாராக இருக்கும் ஒருவருக்கு, கல்லீரலுக்காக மட்டும் இதைக் கொடுப்பதற்கு இப்போதுள்ள சான்று போதாது.

ஒன்றை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. கல்லீரலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு ஃபைப்ரேட்டுக்கு மாறுவது. ஸ்டாட்டின் கல்லீரலைக் கெடுக்கும் என்ற பயத்தில் மாத்திரையைப் பாதியில் விடுபவர்கள் ஏராளம். கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களுக்குத்தான், கல்லீரலுக்கு அல்ல. இதய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் தரவை 2010-ல் மறுபடி அலசியபோது, கல்லீரல் நொதிகள் கொஞ்சம் கூடியிருந்தவர்களுக்கும் ஸ்டாட்டின் இதயப் பாதுகாப்பைக் கொடுத்தது, நொதிகளும் இறங்கின. பெமாஃபைப்ரேட் அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை என்பது பத்தாயிரம் பேரிடம் பார்த்தாகிவிட்டது. ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஃபைப்ரேட்டும் தேவை என்றால் கூடச் சேர்க்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தசை வலி, சிறுநீரின் நிறம் கறுத்துப்போவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அவரிடம் சொல்ல வேண்டும்.